வராத போனுக்கு முற்பணம்: செய்தியை யார் சொன்னது என்றும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் மடிக்கும் ஐபோனைப் பற்றி வந்த செய்தியை வாசித்தேன். செப்டெம்பரில் வருகிறது, விலை இவ்வளவு, நிறங்கள் இவை, கெமரா இத்தனை என்று எல்லாமே முடிந்த காரியம் போல எழுதப்பட்டிருந்தது. அப்பிள் நிறுவனமோ அன்றுவரை அப்படியொரு போனைப் பற்றி வாயே திறக்கவில்லை. யார் சொன்னதை வைத்து எழுதினீர்கள் என்பது அந்தச் செய்தியில் ஓர் இடத்திலும் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் திருகோணமலை நகரில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட, கைத்தொலைபேசி திருத்தும் சின்னக் கடை ஒன்றை நடத்தும் பெண். திருத்துவதோடு பாவித்த போன்களை வாங்கி விற்பதும் உண்டு. பத்திரிகையில் ஒரு புதுப் போனின் கதை வந்தால் திங்கட்கிழமை காலையிலேயே அது என் மேசைக்கு வந்துவிடும். "அக்கா, புதுசு வரப்போகுதாம், இந்த டிஸ்பிளேய மாத்துறதா, விடுறதா?" என்று உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி கேட்கிறாள். கண்ணாடி நொறுங்கி, விரல் வைத்தால் கீறும் போனில்தான் அவள் பாடக் குறிப்புகளை வாசிக்கிறாள். புதியது வந்ததும் பழையதுகளின் விலை விழும், அப்போது ஒன்றை வாங்கித் தருகிறேன் என்று தகப்பன் சொல்லிவிட்டாராம். திருக்கடலூரில் இருந்து வரும் மீனவர் ஒருவர், சார்ஜிங் போர்ட் உப்பில் பச்சை பிடித்துப்போன போனைத் திருத்தாமலே திருப்பி எடுத்துக்கொண்டு போனார். கட்டாரில் இருக்கும் மகன் புதியது வாங்கியதும் தன்னுடையதை அனுப்புவானாம். அதுவரை அரைகுறைச் சார்ஜோடு கடலுக்குப் போகிறார். காற்று எப்படி என்று பார்ப்பதும், கரை எந்தப் பக்கம் என்று பார்ப்பதும், ஆபத்து என்றால் கூப்பிடுவதும் அந்த ஒரு போனில்தான்.

இதையாவது பேசிப் புரியவைக்கலாம். என்னைப் பேனா எடுக்க வைத்தது வேறு விடயம். எங்கள் நகரில் ஒருவர் வட்ஸ்அப் குழுவில் அந்த மடிக்கும் ஐபோனின் "முதல் தொகுதி" என்று சொல்லிப் பெயர் பதிகிறார். ஆளுக்கு 50,000 ரூபா முற்பணம். அதற்கு ஆதாரமாக அவர் போட்டிருப்பது உங்கள் ஞாயிறு பக்கத்தின் படத்தை. மூதூரில் இருந்து வந்த தாய் ஒருவர் காப்பை அடகு வைத்து அந்தக் காசைக் கட்டியிருக்கிறார். பற்றுச்சீட்டு எங்கே அம்மா என்று கேட்டேன். ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார்: "உங்கட பேர் லிஸ்ட்ல இருக்கு, யோசிக்காதீங்க." எனக்கு நெஞ்சு பதறியது. அவரோ அமைதியாக, "பேப்பர்லயே வந்திருக்கே பிள்ளை" என்றார். உங்கள் பத்திரிகையின் மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கை அது. அதை வேறொருவர் காசாக்கிக்கொண்டிருக்கிறார்.

புதுப் போனுக்காகக் காத்திருப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கும் அந்த ஆவல் நிறையவே உண்டு. 2007 ஜனவரி 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜொப்ஸ் முதல் ஐபோனைத் தூக்கிக் காட்டியபோது எங்கள் பக்கம் யுத்தத்தில் கிடந்தது, நான் பள்ளிக்கூடப் பிள்ளை. பிறகு எத்தனையோ வருடம் கழித்து அந்தக் காணொளியைப் பார்த்தபோதுதான் இந்தத் தொழிலின் மேலே எனக்கு ஆசை வந்தது. இப்போதும் செப்டெம்பர் என்றால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் காலை 10 மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சி எங்களுக்கு இரவு 10.30. கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, பக்கத்துக் கடைப் பையன்களும் சேர, பிளேன்டீயும் ரோல்ஸும் வைத்துக்கொண்டு நேரடியாகப் பார்ப்போம். எது வரும், எது வராது என்று அதற்கு முன் கிழமைக்கணக்கில் வாக்குவாதம் நடக்கும். ஊகிப்பது சந்தோஷமான காரியம். காசு கைமாறாதவரை அதில் ஒரு கெடுதியும் இல்லை.

ஆனால் ஊகங்களிலும் தரம் உண்டு, அதை வாசகருக்குப் பிரித்துக் காட்ட உங்களால் முடியும். கவர் செய்யும் தொழிற்சாலைகளுக்கு போன் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே அளவு தேவை. அங்கிருந்து கசியும் நீளம், அகலம், கெமரா இருக்கும் இடம் ஆகியவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வானொலி அலை பாவிக்கும் எந்தக் கருவியும் அமெரிக்காவில் எஃப்.சி.சி. என்ற ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் விற்பனைக்கு வராது. இந்தியாவில் பி.ஐ.எஸ். என்ற தர நிர்ணயப் பணியகத்தின் பதிவு வேண்டும். அந்தப் பட்டியல்களில் ஒரு மாதிரி எண் தோன்றினால் கருவி உண்மையிலேயே இருக்கிறது என்று நம்பலாம், விலையும் நாளும் அதில் இருக்காது. மிங்-சி குவோ போன்ற ஆய்வாளர்கள் உதிரிப்பாகம் செய்யும் நிறுவனங்களுக்குப் போகும் கட்டளைகளைப் பின்தொடர்ந்து எழுதுகிறார்கள். புளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் நிருபர் மார்க் குர்மன் அப்பிளுக்கு உள்ளே இருப்பவர்களிடம் கேட்டு எழுதுகிறார். இவர்களும் பிழைத்த சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனாலும் தங்கள் பெயரைப் போட்டு எழுதுகிறார்கள், சொன்னது நடந்ததா என்று பிறகு நாம் பார்க்கலாம். இவை எதுவுமே இல்லாமல், யாரோ ஓர் ஓவியக்காரர் தன் கற்பனையில் கணினியில் வரைந்த படம் என்று ஒரு வகை இருக்கிறது. நீங்கள் நான்கு நிறத்தில் பெரிதாகப் போட்டிருந்தது அந்த வகைதான். மூதூர் அம்மாவிடம் போன படமும் அதுதான்.

நல்ல இடத்தில் இருந்து வரும் தகவலே கவிழ்ந்த கதை 2011இல் நடந்தது. அடுத்த ஐபோன் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து வரும் என்று உலகம் முழுவதும் பேசினார்கள். அந்த வடிவத்துக்குக் கவர்கள்கூடச் செய்து விற்பனைக்கு வந்தன. ஒக்டோபர் 4ஆம் திகதி அப்பிள் மேடையில் காட்டியது 4எஸ். பார்வைக்கு முந்தைய ஐபோன் 4 போலவே இருந்தது. கவர்கள் மட்டும் வந்து, அதற்குள் போட வேண்டிய போன் வரவே இல்லை. 2025இல் வந்த அப்பிளின் மெல்லிய போனின் கதையையும் பாருங்கள். மெல்லியதாக இருக்கும் என்று சொன்னது சரி, 5.6 மில்லிமீற்றரில் வந்தது. "17 எயார்" என்று மாதக்கணக்கில் எல்லோரும் எழுதிய பெயர் பிழை, வெறும் ஐபோன் எயார் என்றே வந்தது.

சரி, நிறுவனமே நாள் குறித்துச் சொன்னால்? அப்போதும் காசை விடக்கூடாது என்பேன். சம்சுங் தன் முதல் மடிக்கும் போனான கலக்ஸி ஃபோல்டை 2019 பெப்ரவரியில் அறிவித்து, ஏப்ரல் 26இல் 1980 டொலருக்கு விற்பனை என்றது. அதற்கு முன்னர் விமர்சனம் எழுதக் கொடுத்த போன்களிலேயே திரைகள் செத்தன. சிலர் மேலே இருந்த படலத்தை, நாங்கள் ஒட்டும் சாதாரணப் படலம் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். வேறு சிலவற்றில் மடிப்பு மூட்டின் இடுக்கு வழியாகத் துகள் புகுந்து திரையை உள்ளே இருந்து தள்ளியது. விற்பனையை நிறுத்தி, மூட்டின் மேலும் கீழும் மூடி வைத்து, படலத்தின் ஓரத்தைச் சட்டத்துக்குக் கீழே இழுத்துவிட்டு, செப்டெம்பரில்தான் வெளியே விட்டார்கள்.

இந்தத் துகள் விடயத்தைத்தான் உங்கள் பக்கம் எழுதியிருக்க வேண்டும் என்பது என் பெரிய ஆதங்கம். நாங்கள் இருப்பது மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் காற்று அடிக்கும் காலத்தில் மணல் சட்டைப்பைக்குள்ளும் போகும், போனின் ஸ்பீக்கர் ஓட்டைக்குள்ளும் போகும். மடிக்கும் போனை வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதன் ஐ.பி. எண் என்ன என்பதே. அந்த எண்ணின் முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 2024இல் வந்த கலக்ஸி இசட் ஃபோல்ட் 6க்கு 48 என்று இருக்கிறது. அந்த 4 ஒரு மில்லிமீற்றருக்குக் குறையாத பொருட்களை மட்டுமே தடுக்கும். எங்கள் கடற்கரை மணலில் பெரும்பங்கு அதைவிடப் பொடி. தூசே புகாது என்பதற்கான 6ஐ மடிக்கும் போனொன்று பெற்றது 2025இல்தான், கூகுளின் பிக்ஸல் 10 புரோ ஃபோல்டில். வரப்போகிறது என்று சொல்லும் ஐபோனுக்கு அது இருக்குமா? செப்டெம்பரில் நான் முதலில் தேடப்போகும் வரி அது. நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விலையையும் சொல்ல வேண்டும். 2000 டொலருக்குக் குறையாது என்றே ஊகிக்கிறார்கள். டொலரை 300 ரூபா என்று வைத்தாலே ஆறு இலட்சம். அதன் மேல் 18 வீத வற் வரி. கைத்தொலைபேசிக்கு முன்பு இல்லாத இந்த வரி 2024 ஜனவரியில் இருந்து இருக்கிறது. அப்புறம் இறக்குமதி செய்பவரின் இலாபம், கடைக்காரரின் இலாபம். 2022இல் மார்ச்சில் இருந்து மே மாதத்துக்குள் ரூபா எப்படி விழுந்தது என்பதை நாங்கள் மறக்கவில்லை. முற்பணம் வாங்கும் அந்த மனிதர் சொல்லும் "நிச்சய விலை" எந்த டொலரில் கணக்குப் பார்த்தது என்று கேட்டுப் பார்த்தேன். பதில் வரவில்லை.

உயர்தரம் படிக்கும் பிள்ளையின் தகப்பனுக்கும் ஒன்று. புதியது வந்ததும் முந்தைய வருடத்து மாடலை 100 டொலர் குறைத்துத் தொடர்ந்து விற்பது அப்பிளின் பல வருட வழக்கம்தான். ஆனால் எங்கள் சந்தையில் நான்கைந்து வருடம் ஓடிய போன்களின் விலை அதனால் பெரிதாக ஆடுவதில்லை, நான் வாங்கி விற்கிறவள் என்பதால் சொல்கிறேன். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை அதற்காக உடைந்த கண்ணாடியோடு வைத்திருக்க வேண்டாம், ஐயா. இப்போதே மாற்றிக் கொடுங்கள்.

அறிவித்து உறுதியான, எங்களுக்கு உண்மையில் உதவும் விடயங்கள் ஊகத்தின் நிழலில் காணாமல் போகின்றன. கூகுள் 2023 ஒக்டோபரில் பிக்ஸல் 8க்கு ஏழு வருடம் மென்பொருள் புதுப்பிப்பு என்றது. சம்சுங் 2024 ஜனவரியில் எஸ்24க்கு அதையே சொன்னது. பாவித்த போன் வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய செய்தி என்ன? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அங்கே விற்கும் ஸ்மார்ட்போன்களுக்கு முக்கிய உதிரிப்பாகங்களை, விற்பனை நிறுத்திய பிறகும் ஏழு வருடம் கொடுக்க வேண்டும். நான் ஒரு மாடலுக்கு நல்ல பற்றரி கிடைக்காமல் கொழும்புக்குத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருப்பவள். அப்படியொரு சட்டம் இங்கேயும் வேண்டும் என்று உங்கள் பத்திரிகை ஓர் ஆசிரியத் தலையங்கம் எழுதினால் நாடு முழுவதும் உள்ள திருத்துநர்கள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

வெளிநாட்டில் இருந்து மகன்மார் அனுப்பும் போன்களைப் பற்றியும் ஒவ்வொரு முறையும் இரண்டு வரி போடுங்கள். *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க எண் திரையில் வரும். IMEI என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகி இருக்கிறதா என்று பதில் வரும். காசு கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டிய காரியம் இது. இன்னும் செய்யப்படாத போனுக்கு அந்த எண்ணே கிடையாது. முற்பணம் கேட்பவரிடம் "ஐ.எம்.இ.ஐ. நம்பரைக் காட்டு" என்று கேட்டாலே கதை அங்கே நின்றுவிடும்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஊகச் செய்தி போடும்போது அது நிறுவனம் சொன்னதா, கவர் தொழிற்சாலையில் இருந்து வந்ததா, ஆய்வாளர் ஒருவரின் கணிப்பா, பெயர் இல்லாத ஒருவர் எழுதியதா என்று முதல் பந்தியிலேயே போடுங்கள். வரைந்த படம் என்றால் படத்துக்குக் கீழே அதை எழுதுங்கள். அப்புறம், கொழும்பில் உள்ள அதிகாரம் பெற்ற விற்பனையாளர்களிடம் உங்கள் நிருபர் ஒருவர் பேசி, இந்தப் போனுக்கு யாராவது முன்பதிவு எடுக்கிறார்களா, திருகோணமலையில் யாருக்காவது அந்த அதிகாரம் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டு, பதிலை அடுத்த ஞாயிறே அதே பக்கத்தில், அதே அளவில் பிரசுரியுங்கள். அதை வெட்டி என் கடைக் கண்ணாடியில் ஒட்டுவேன். மூதூர் அம்மாவும் அதைக் கையில் கொண்டுபோய்த் தன் காசைத் திருப்பிக் கேட்கலாம்.

இப்படிக்கு,
கைத்தொலைபேசி திருத்துநர் ஒருவர்,
திருகோணமலை.