ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

என் பேரன் குறைமாதத்தில், 31 வாரத்திலேயே பிறந்தவன். இப்போது மூன்றாம் வகுப்பு, படிப்பில் குறையில்லை, ஆனால் வீட்டு வளவில் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் மூன்று எண்ணுவதற்குள் தூணைப் பிடித்துக்கொள்வான், பந்தைப் போட்டால் அது நெஞ்சில் பட்டு விழுந்த பிறகுதான் கை சேரும். பள்ளியில் சோம்பேறிப் பட்டம். 32 வாரத்துக்கு முன் பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தடுமாற்றம் வர வாய்ப்பு அதிகமாம். சட்டைப் பட்டன், கையெழுத்து வரை அது தெரியும். வளர்ந்தால் சரியாகும் என்று நாங்களும்தான் (முதலில் நான்) சும்மா இருந்தோம். இப்போது பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி வீட்டுத் தரையின் ஆத்தங்குடிக் கல் வரிசையில் கோடு பிடித்து நடக்கிறான், கொஞ்சம் தேவலை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பல், கண் பார்க்கும்போது இதையும் பார்க்கலாமே? பி.டி. வாத்தியார்களும் திட்டுவதற்கு முன், எத்தனை வாரத்தில் பிறந்த பிள்ளை என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

- ஓர் ஆயா, காரைக்குடி