தடுப்பூசிப் பெட்டி சுமக்கும் மகளுக்கு

அன்புக் கண்ணு,

நேற்று இரவு நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தரை ஆண்டுகள் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, தர்மபுரிப் பக்கம் வீடு வீடாகப் போய் மாடுகளுக்குக் கோமாரி நோய்த் தடுப்பூசி போடுவதும், அடையாளத்துக்குக் காது வில்லை மாட்டுவதும், அதன் பன்னிரண்டு இலக்க எண்ணைப் பதிவேற்றுவதுமாகவே நாள் கழிகிறது என்றாய். ஊசி போட்டால் பால் குறையும் என்று முகத்தில் அடித்தாற்போல் படலைச் சாத்துகிறார்கள் என்றாய். "இதில் என்னப்பா இருக்கிறது?" என்று நீ கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும்.

மாடுகளைக் கொன்ற வெக்கை நோயை, அதாவது ரிண்டர்பெஸ்ட்டை, நீ பாடப்புத்தகத்தில்தான் படித்திருப்பாய். எண்பதுகளில் கால்நடை ஆய்வாளராக நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது கட்டுத்தறிக்குள் வந்து நிற்கும் நோய். முதலில் கடும் காய்ச்சல். பிறகு கண்ணிலும் மூக்கிலும் ஓயாமல் ஒழுகும். ஈறிலும் உள்ளுதட்டிலும் தவிடு ஒட்டியதுபோல் புண் படரும். அதன்பின் கழிச்சல், அந்த நாற்றம் தெருமுனையிலேயே தெரியும். தண்ணீர்த் தொட்டியருகே படுத்த மாடு எழுந்திருக்காது. உன் அப்பாரு காலத்தில் வெக்கையில் ஏர்மாடுகளை இழந்த குடும்பங்கள் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கூலிக்குப் போயிருக்கின்றன.

அதற்கு எங்கள் கையில் இருந்தது ஐஸ் பெட்டியும் ஊசியும்தான். மருந்தைக் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதனால் மாடு மேய்ச்சலுக்குப் போகும் முன், விடியற்காலையில் ஊர்ப் பொதுவிடத்தில் நிற்போம். ஊசி போட்டால் காளை ஏருக்கு ஆகாது என்று அன்றும் சொன்னார்கள். ஓட்டிக்கொண்டு வந்தவர்களின் மாட்டுக்குப் போட்டோம். வராதவர்களின் வீட்டுக்கே போனோம். இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தென்பட்டது 1995இல். அதன்பின் ஊசியை நிறுத்திவிட்டு, நோய் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று ஊர் ஊராகத் தேடச் சொன்னார்கள். வாயைத் திறந்து பார்ப்பது, விசாரிப்பது, பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதுவது. பக்கம் பக்கமாக 'இல்லை'. 2006இல் நம் நாடு அந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது, 2011இல் உலகமே. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதர்கள் அடியோடு ஒழித்த நோய் இது ஒன்றுதான், கண்ணு. அதை ஒழித்ததில் பெரும்பங்கு, நீ இப்போது அலுத்துக்கொள்கிறாயே, அதே வேலைக்குத்தான்.

போன மாதம் நீ பார்த்த, ரத்தத்தில் கால்சியம் குறைந்து பால் காய்ச்சலில் விழுந்த மாட்டைப் பற்றிச் சொன்னபோது உன் குரல் வேறு மாதிரி இருந்தது. கன்று ஈன்ற மறுநாள், காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடந்த மாடு. கழுத்து நரம்பில் கால்சியத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டே இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாயாம். உடம்பு நடுங்கியதாம், ஏப்பம் விட்டதாம், சாணி போட்டதாம், பிறகு எழுந்து நின்று கன்றைத் தேடியதாம். அந்த வீட்டு அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டாராம். அதைவிட வேறென்ன வேண்டும்! ஆனால் அப்படிப்பட்ட இரவுகள் எப்போதாவதுதான் வரும். அவற்றை மட்டுமே நம்பி இந்த வேலையில் இருந்தால் மனது வறண்டுபோகும் என்பது என் எண்ணம். கோமாரி வந்து பாலும் போய், வாய்ப்புண்ணால் தீனியும் எடுக்காமல் நிற்கும் மாட்டை நீ பார்த்திருக்கிறாய். ஊசி போட்ட கட்டுத்தறியில் அது நேராமல் போனால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அவர்கள் பாட்டுக்குக் காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

படலைச் சாத்துகிறவர்களோடு வாதாடாதே. பால் இரண்டொரு நாள் குறையலாம், பிறகு பழையபடி வந்துவிடும் என்று உள்ளதைச் சொல். பால் ஊற்றும் நேரத்தில் சொசைட்டிக்குப் போய்ப் பெண்களிடம் பேசு. மாட்டின் பாடு அவர்களுக்குத்தான் தெரியும். ஊசி போட்ட மறுநாள் அந்தப் பக்கம் போனால், மாடு எப்படி இருக்கிறது என்று நின்று ஒரு வார்த்தை கேள். அடுத்த சுற்றுக்கு அவர்களே மாட்டைப் பிடித்து நிற்பார்கள்.

கன்று குறுக்கே கிடந்து, இரண்டு நாள் கைவைத்தியம் பார்த்துவிட்டு உன்னைக் கூப்பிட்டார்களே, அந்த மாடு செத்ததை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அந்த மாட்டைக் காப்பாற்றும் நேரம் நீ போவதற்கு முன்பே கடந்துவிட்டது. பல நாடுகளில் கால்நடை மருத்துவர்களிடையே மனச்சோர்வு மிகுதி என்று படித்தேன். படித்த நாளிலிருந்து எனக்கு உன் நினைப்புதான். இதையெல்லாம் தனியாக வைத்துக்கொள்ளாதே. உன்னோடு படித்தவர்களிடம் பேசு. தூக்கம் வராவிட்டால் தயங்காமல் ஒரு மருத்துவரைப் பார். நள்ளிரவானாலும் எனக்குப் போன் செய்.

அறுவை சிகிச்சையில் மேற்படிப்புக்கு எழுத ஆசை என்றாயே, தாராளமாக எழுது. செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆசைப்பட்டுப் போ, இந்த வேலை வீண் என்று நினைத்துக்கொண்டு மட்டும் போகாதே.

இந்தச் சுற்று முடிந்ததும் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வா. நம் கிடாரிக்குச் சினைப் பரிசோதனை செய்ய வேண்டும். நீதான் பார்க்க வேண்டும் என்று உன் அம்மா வேறு யாரையும் கூப்பிட விடவில்லை.

அன்புடன்,
அப்பா