மதிப்புரையில் விடுபட்ட வோல்ட் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்கான மேசை டாக் (DAC) கருவி ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான மதிப்புரையைப் படித்தேன். கணினியிலும் குறுந்தகட்டிலும் வெறும் எண்களாக இருக்கும் இசையை ஆம்ப்ளிஃபயர் ஏற்கும் மின்னலையாக மாற்றித் தருகிற இந்தச் சிறு பெட்டியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு. அந்த வகையில் அம்முயற்சி வரவேற்கத்தக்கது. ஆயினும் அதில் ஒரு பிழையும், அதைவிடப் பெரியதாக ஒரு விடுபடலும் இருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் பிழை. டிஜிட்டல் இசை படிக்கட்டுபோல உடைந்து உடைந்து வருவதாகவும், விலை உயர்ந்த டாக் அந்தப் படிகளை வழவழப்பாக்கித் தருவதாகவும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலியலையை அந்தந்தக் கணத்தில் அளந்த எண்கள், பதிவாகின்றன என்பது உண்மைதான். ஆனால் அவை புள்ளிகள், படிகள் அல்ல. அந்த எண்ணிக்கையில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்கிய ஒலியாக இருக்கும்வரை, அப்புள்ளிகள் அனைத்தையும் தொட்டுச் செல்லக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான் என்பதை அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949-இல் வெளியான தம் கட்டுரையில் நிறுவியிருக்கிறார். அந்த ஓர் அலையை மீட்டெடுப்பது டாக்கினுள் இருக்கும் வடிகட்டியின் வேலை. அதைச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சில்லுகளும் இன்று திறம்படச் செய்கின்றன. மாதிரிகளின் எண்ணிக்கையை 1,92,000 ஆக உயர்த்தினால் பதிவாகும் ஒலியின் மேல் எல்லை உயருமே அன்றி, இல்லாத படிகள் எதுவும் தேய்க்கப்படுவதில்லை. அறுபதைத் தொடப்போகும் என் செவிக்குப் 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றும் எட்டுவதில்லை என்பது வேறு கதை.

இனி விடுபடல். புதிய கருவியையும் தம்மிடம் இருந்த பழைய கருவியையும் மாற்றி மாற்றிக் கேட்டபோது, புதியதில் மிருதங்கத்தின் வலந்தலை துல்லியமாகவும் குரல் முன்னே வந்து நிற்பதாகவும் இருந்ததாகக் கட்டுரையாளர் கூறுகிறார். இரண்டும் ஒரே ஒலி அளவில் ஒலித்தனவா என்பதை அவர் எங்கும் சொல்லவில்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு நானும் இதே இடத்தில்தான் வழுக்கினேன்.

நண்பர் ஒருவரிடமிருந்து டாக் ஒன்றை இரவல் வாங்கி, என் பழைய சிடி பிளேயரின் ஆப்டிகல் (ஒளிக்கம்பி) வாய் வழியே அதற்கு இசையை எண்களாகவே கொடுத்தேன். பிளேயர் தானே மாற்றித் தரும் மின்னலை (அனலாக்) வெளியீட்டை ஆம்ப்ளிஃபயரின் ஒரு வாயிலும், டாக்கின் வெளியீட்டை இன்னொரு வாயிலும் இணைத்துவிட்டால், ஒரே குறுந்தகடு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு குமிழைத் திருப்பி இரண்டையும் உடனுக்குடன் ஒப்பிடலாம். முதல் நாள் மாலையே டாக் வென்றுவிட்டதாக முடிவு செய்து, என்ன விலை என்று விசாரிக்கவும் தொடங்கிவிட்டேன். மறுநாள் ஐயம் வந்து, 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைத் தகட்டில் பதிந்து ஓடவிட்டு, மல்டிமீட்டரால் இரு வெளியீடுகளையும் அளந்தேன். பிளேயர் 2.0 வோல்ட் தந்தது, டாக் 2.3 வோல்ட் தந்தது. ஒலி அளவைக் குறிக்கும் டெசிபல் கணக்கில் வேறுபாடு 1.2. இவ்வளவு சிறிய வேறுபாட்டைச் செவி 'சத்தம் கூடியிருக்கிறது' என்று பெரும்பாலும் உணர்வதில்லை. 'தெளிவு கூடியிருக்கிறது' என்றே எடுத்துக்கொள்கிறது. ஒப்பிடுகிறவர்கள் அளவுகளை 0.1 டெசிபலுக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு விழுக்காடு வோல்ட்டுக்குள், சமன்செய்ய வேண்டும் என்று ஒலிப் பொறியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான். (மலிவான மல்டிமீட்டர்கள் பல 1,000 ஹெர்ட்ஸில் தவறாகக் காட்டும், ஆகவே 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் அளப்பதே நல்லது.)

டாக்கின் வால்யூமைக் குறைத்து இரண்டையும் சமன்செய்த பிறகு, என் மகன் ஆம்ப்ளிஃபயரின் முகப்பைத் துண்டால் மறைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் பூவா தலையா போட்டுப் பார்த்து இரண்டில் ஒன்றை ஒலிக்கவிட்டான். பதினாறு முறை கேட்டு, ஒன்பது முறை சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே எட்டு கிடைத்திருக்கும். பதினாறில் பன்னிரண்டாவது சரியாக இருந்தால்தான், அது குருட்டு வாய்ப்பால் நேர்ந்திருக்கும் சாத்தியம் நான்கு விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்.

என் ஒருவன் செவியை வைத்துப் பொதுவிதி சொல்ல நான் துணியவில்லை. ஒலி ஆய்வாளர்கள் பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவுகளை நேரடியாகவும், இடையே குறுந்தகட்டுத் தரத்துக்குக் குறைத்தும் கேட்கச் செய்தார்கள். 554 முயற்சிகளில் 276 முறை சரியான விடை வந்தது, அதாவது 49.8 விழுக்காடு. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜோஷுவா ரைஸ் என்ற ஆய்வாளர் 2016-இல் இத்தகைய 18 ஆய்வுகளின் 12,500-க்கும் மேற்பட்ட முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது 52.3 விழுக்காடு சரியாக இருந்தது. வேறுபாடு அறவே இல்லை என்று சாதிக்கவும் இடமில்லை. ஆனால் 'இரவும் பகலும்போல' என்று மதிப்புரைகளில் வர்ணிக்கப்படும் வேறுபாட்டுக்கு அங்கே இடமே இல்லை.

அப்படியானால் மேசை டாக் வீண் செலவா என்றால், அதுவும் இல்லை. பார்க்க வேண்டியவற்றைப் பார்த்து வாங்கினால் அது உண்மையாகவே பயன்படும். மடிக்கணினியின் ஹெட்போன் துளையில் கேட்கும் கிறுகிறுப்பு, மௌஸை நகர்த்தும்போது எழும் சிறு கீச்சொலி ஆகியவை நல்ல டாக்கில் மறைந்துவிடும். ஹெட்போனை நேரே செருகும் கருவியாக இருந்தால், அதன் வெளியீட்டு மின்மறுப்பு (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை, ஓமில் அளக்கப்படுவது) ஹெட்போனின் மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். இது மீறினால் சில ஹெட்போன்களின் ஒலிச் சமநிலையே மாறிவிடும். அந்த மாற்றம் செவிக்கு நன்றாகவே தெரியும்.

எல்லாவற்றையும்விட நம் வீடுகளில் தொல்லை தருவது உறுமல். மூன்று முள் சார்ஜரில் இருக்கும் மடிக்கணினியை யுஎஸ்பி வழியாக டாக்குடன் இணைத்தவுடன், தரையிணைப்பு இரு வழிகளில் சுற்றிக்கொண்டு, நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ஸ்பீக்கரில் ஒலிக்கத் தொடங்கும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பாடகியரின் கச்சேரியைப் போட்டால் இதன் கொடுமை புரியும்: அவர்களுடைய ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ், உறுமலின் நான்காம் மடங்கு 200 ஹெர்ட்ஸ், இரண்டும் உரசி, தம்புராவுக்கு அடியில் நொடிக்கு நான்கு அதிர்வாக அலைபாய்ந்துகொண்டே இருக்கும். சுருதி சேராத இன்னொரு தம்புராவை யாரோ பக்கத்து அறையில் மீட்டுவதுபோல் இருக்கும். ஆப்டிகல் கம்பியில் வெளிச்சம் மட்டுமே செல்வதால் அவ்வழியே இணைத்தபோது என் வீட்டில் இது அறவே நின்றது. சிலர் பிளக்கின் தரை முள்ளை உடைத்துவிட்டு உறுமலை நிறுத்துகிறார்கள். அது உயிருக்கு ஆபத்து, செய்யவே கூடாது.

தங்கள் மதிப்புரையில் ஆப்டிகல் வாய் உண்டா இல்லையா என்பதுகூட இல்லை. சில்லின் பெயர் மட்டும் மூன்று முறை வருகிறது. சில்லைச் சுற்றியுள்ள மின்வழங்கியும் வெளியீட்டுச் சுற்றும் சரியில்லையெனில், இசைக்கும் இரைச்சலுக்கும் இடையிலான இடைவெளி என்று தயாரிப்பாளர் தாளில் அச்சிட்ட 120 டெசிபலும் வீட்டுக்கு வந்து சேராது. பழைய கேசட்டிலிருந்து எடுத்த கச்சேரிகளையே பெரிதும் கேட்கிற என்னைப் போன்றவர்களுக்கோ, நாடாவின் இரைச்சலால் அந்த இடைவெளியே 50 டெசிபலை ஒட்டி நின்றுவிடுகிறது. குறுந்தகட்டின் 96 டெசிபலே அங்கு மிகுதி.

இனி இத்தகைய மதிப்புரைகளை வெளியிடும்போது, கருவியின் வெளியீட்டு வோல்ட் எவ்வளவு, ஒப்பிட்ட கருவியின் வோல்ட் எவ்வளவு, எது ஒலிக்கிறது என்பதைக் கேட்டவர் முன்கூட்டி அறிந்திருந்தாரா ஆகிய மூன்றையாவது பெட்டிச் செய்தியாகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். அளப்பதற்கு வேண்டிய மல்டிமீட்டர் எந்த மின்பொருள் கடையிலும் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.