பால்மா டின்னுக்கு முன் மூன்று மாத்திரை

மியன்மாரின் மோல்மேன், தட்டோன், பெகு பகுதித் தமிழ்க் கோயில் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு சண்டைக்குத் தப்பி வருவோருக்காக நன்கொடை திரட்டும்போது, பிள்ளைத்தாய்ச்சிக்கு என்றதும் பால்மா டின்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தப் பணத்தைப் பிரசவ ரத்தப்போக்கைத் தடுக்கத் திருப்புங்கள் என்று கேட்கவே இம்மடல்.

குழந்தை பிறந்ததும் கருப்பை கல்போல இறுக வேண்டும். இறுகாவிட்டால் ரத்தம் நிற்காது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போகலாம். ஊரடங்கு இரவில், சோதனைச் சாவடி திறக்காமல், அந்த நேரம் ரோட்டிலேயே கழிந்துவிடும்.

கருப்பையை இறுகவைக்க ஆக்ஸிடோசின் ஊசிதான் முதல் மருந்து: 10 யூனிட், தொடையில். ஆனால் அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். கரண்ட் நாள்கணக்கில் போகும் ஊரில், ஊசிமருந்து நிறம் மாறாமலே வீரியம் இழந்திருக்கும். போடுகிறவருக்கும் தெரியாது. அதனால், கருப்பையை இறுகவைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையும் கையில் வேண்டும். ஊசி இல்லாத இடத்தில், குழந்தை பிறந்தவுடன் 200 மைக்ரோகிராம் மாத்திரை மூன்றைத் தாய் விழுங்க வேண்டும். வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று கைவைத்துப் பார்த்த பிறகே கொடுக்கலாம். பிறப்பதற்கு முன் கொடுத்தால் கருப்பையே கிழியக்கூடும். எனவே பயிற்சி பெற்ற சயாமாவிடம் (பிரசவம் பார்க்கும் நர்ஸ் அல்லது மருத்துவச்சி) மட்டும் ஒப்படையுங்கள். நடுக்கமும் காய்ச்சலும் வந்து தானே தணியும். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாதீர்கள், நம் ஊர் மழைக்கால ஈரம் அதைக் கெடுத்துவிடும். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு துணி முழுக்க நனைந்தால் எதற்கும் காத்திராமல் கிளம்ப வேண்டும். அதற்கு, இரவில் வர ஒப்புக்கொண்ட வண்டிக்காரர் இருவராவது வேண்டும். ஒருவரே என்றால் அவர் வண்டியில் அன்றைக்கென்று எண்ணெய் இருக்காது.

கூடவே ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு பை: சோப்பு, ஒரு மீட்டர் பிளாஸ்டிக் விரிப்பு, பிரிக்காத புது பிளேடு, தொப்புள்கொடி கட்ட இரண்டு நூல், கையுறை. எட்டாம் மாதமே கொடுத்துவிடுங்கள். வலி கண்ட பிறகு தேடினால் அடுப்படிக் கத்திதான் கிடைக்கும்.

பால்மாவைக் கரைக்க, கொதித்து 70 டிகிரிக்குக் கீழே இறங்காத தண்ணீர் வேண்டும். முகாமில் விறகுக்கே வழியில்லை. பாட்டில் வழியாக வயிற்றுப்போக்குதான் வரும். பயத்தில் பால் வற்றிவிட்டது என்பார்கள். பயம் பால் இறங்குவதைத் தாமதமாக்கும், அவ்வளவுதான். மறைவான இடத்தில் தாயை உட்காரவைத்து, அடிக்கடி குழந்தையைச் சப்பவிட்டால் இறங்கும். தாயை இழந்த குழந்தைக்குப் பால்மா தேவைதான். அதை நர்ஸ் பார்த்துச் சொல்லட்டும்.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீட்டிய அரிசியை வடித்து, உப்பும் மிளகும் மட்டும் போட்டுக் கொடுக்கும் வழக்கம் பச்சை உடம்புக்காரிக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் செய்கிறது. அவள் பாலிலும் அது குறையும். இரண்டு மூன்று மாதக் குழந்தை வாய் திறந்து அழுதும் சத்தம் வராது, மூச்சு வாங்கும். அது பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய். அன்றே பி1 ஊசி போடாவிட்டால் உயிர் போகலாம், போட்டால் சில மணி நேரத்தில் தெளியும். அன்னதான மடப்பள்ளியில் வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள், பி1 அதோடு போய்விடும். அவளுக்குப் பருப்பும் முட்டையும் கட்டாயம் போடுங்கள்.

மருந்துப் பெட்டியின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பதை அடுத்த கூட்டத்திலேயே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். இரண்டாவது சாவி சயாமாவிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இப்பகுதியில் பிரசவம் பார்க்கும் நர்சுகளும் மருத்துவச்சிகளும்