அந்தப் பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பாலத்து அணுகுசாலையை ஒரே இரவில் போட்டு முடிப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். யார்டில், அதாவது வார்ப்புக்கூடத்தில், முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவரும் பிரிகாஸ்ட் கான்கிரீட் பலகைகளைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக யாரும் எழுதியதில்லை. அதற்கு நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி வருகிறது. இந்தப் பலகைகள் வந்துவிட்டால் பாலத்தின் முனையில் வண்டி தூக்கிப் போடுவது என்பதே இனி இருக்காதாம். முப்பது வருடம் தள மேற்பார்வையில் கழித்தவன் நான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

வண்டி ஏன் தூக்கிப் போடுகிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பாலம் பைல்மேல், அதாவது தரைக்குள் ஆழ இறக்கிய தூண்கள்மேல் நிற்கிறது. பைல் கெட்டித் தரைவரை இறங்கியிருக்கிறது. அதை ஒட்டி வரும் சாலையோ கொட்டி நிரப்பிய மண்மேல் கிடக்கிறது. மண் அமரும், பாலம் அமராது. இரண்டு விரல்கடை வித்தியாசம் வந்தால் போதும், பின் சீட்டில் இருப்பவர் தலை கூரையில் இடிக்கும். இதைச் சமாளிக்கத்தான் சாலைக்கும் பாலத்துக்கும் நடுவே போடும் அப்ரோச் ஸ்லாப் என்ற கான்கிரீட் பலகை. அதன் ஒரு முனை பாலத்தின் கோடியைத் தாங்கும் அபட்மென்ட் சுவர்மேல், மறுமுனை மண்மேல். யார்டில் வார்த்துக் கொண்டுவந்தாலும் தளத்திலேயே வார்த்தாலும் அந்த மறுமுனை மண்மேல்தான்.

பலகைமேல் எனக்குக் கோபம் இல்லை. தளத்தில் வார்த்தால் கான்கிரீட் இறுகும்வரை சாலையை அடைத்துவைக்க வேண்டும். யார்டில் வார்த்தால் நிழலில் பதமாகத் தண்ணீர் காட்டி, கியூப் (மாதிரிக்கு வார்த்த கான்கிரீட் கட்டி) உடைத்துப் பலம் பார்த்த பிறகே லாரியில் ஏற்றுகிறோம். உள்ளே இழுத்துவிட்ட கம்பிகள் கான்கிரீட்டை எப்போதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் அடியில் மண் கொஞ்சம் விலகினாலும் பலகை விரிசல் விடாமல் தாங்கும். 2002-இல் அமெரிக்காவில் டெக்சாஸின் ஜார்ஜ்டவுனில் இப்படிப்பட்ட பலகைகளால் சாலை போட்டதையும், 2006-இல் ஐயோவாவின் ஷெல்டன் அருகே 60-ஆம் எண் நெடுஞ்சாலையில் பாலத்து அணுகுசாலை போட்டதையும் கட்டுரை சரியாகவே சொல்கிறது.

ஐயோவாக்காரர்கள் இதில் ஏன் இறங்கினார்கள் என்பதை மட்டும் கட்டுரை விட்டுவிட்டது. அதற்கு முன்பே ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அங்குள்ள பாலங்களில் ஸ்லாப்புக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தேடிப் பார்த்திருந்தார்கள். பல இடங்களில் வெறும் குழி. அபட்மென்ட்டுக்குப் பின்னால் நிரப்பிய மணல் அரைகுறை ஈரத்தில் உப்பி நிற்கும். உருளை ஓட்டினால் கெட்டியானது போலவே தெரியும். மழைநீர் இறங்கி முழுசாக நனைந்ததும் அமர்ந்துவிடும். பாலமும் அபட்மென்ட்டும் ஒன்றாகப் பிணைந்த அமைப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெயிலில் பாலம் நீண்டு மண்ணைத் தள்ளும், குளிரில் சுருங்கி இடைவெளி விடும். அந்த இடைவெளியில் மண் சரியும். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர்கள் பலகைக்கு வந்தார்கள்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பாலத்தில் ஸ்லாப்பைச் சுத்தியலால் தட்டினால் பானையைத் தட்டுவது போல ஓசை வந்தது. மேலே மயிரிழை விரிசல்கூட இல்லை. துளை போட்டுக் கம்பியை விட்டேன். முழங்கை நீளம் போயும் எதிலும் முட்டவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது அபட்மென்ட் சுவரில் மண் கறை ஒரு கோடாகத் தெரிந்தது. மண் முன்பு இருந்த மட்டம் அது. இப்போது மண் அதற்கு ஒரு சாண் கீழே கிடந்தது. பலகை தாங்கிக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை. விரிசல் விட்டிருந்தால் ஆறு மாதம் முன்பே கண்டுபிடித்திருப்போம். பலகையின் பலமே அடியில் வளரும் குழியை மறைத்துவிடுகிறது, ஐயா! இதை ஏன் உங்கள் கட்டுரையாளர் ஒரு வரியாவது எழுதவில்லை?

இன்னொரு வேலையில் ராத்திரி பலகை இறக்கினோம். காலை ஆறு மணிக்குச் சாலை திறந்தாக வேண்டும் என்று உத்தரவு. அடித்தளத்தை மட்டம் பார்க்க நேரம் தரவில்லை. ஒரு மூலை ஆடியது. ஜல்லித் துண்டு வைத்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். பலகைக்கு அடியில் உள்ள இடைவெளியை நிரப்பக் கிரவுட், அதாவது சிமெண்ட் கூழ் அடிக்கும்போது மறுபக்கத் துளையில் பொங்கி வரும்வரை அடிக்க வேண்டும். ஆறு மூட்டையோடு நிறுத்தச் சொன்னார்கள். நான் பதிவேட்டில் கையெழுத்துப் போட மறுத்தேன். அடுத்த வாரமே என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதே பாலத்தில் இரண்டாவது மழைக்காலத்துக்குள் அந்த மூலை இறங்கிவிட்டது. சரிசெய்கிறோம் என்று தார் ஊற்றினார்கள். மறுவருடம் அதன்மேல் இன்னொரு பூச்சு. அமர்கிற மண்மேல் பாரம் ஏற்றுவதற்குப் பெயர் பராமரிப்பாம்!

சுவரை ஒட்டிய ஒரு மீட்டர் அகலத்தில் பெரிய உருளை போகாது. சின்ன இடிப்பான் வைத்து அரை அடிக்கு மேற்படாத அடுக்குகளாக இடிக்க வேண்டும், தண்ணீர் வடியக் குழாய் வைக்க வேண்டும். இதற்குத்தான் நாள் வேண்டும். பலகையால் மிச்சமாகும் நாட்களை மண்ணுக்குக் கொடுங்கள் என்று எத்தனையோ கூட்டங்களில் கேட்டுவிட்டேன். உங்கள் வரியைக் காட்டி இனி அந்த நாட்களையும் பிடுங்கிவிடுவார்கள். 1997-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வறிக்கை, அங்கிருந்த சுமார் 6 லட்சம் பாலங்களில் ஒன்றரை லட்சத்துக்கு இப்படி முனையில் வண்டி தூக்கிப் போடும் தொல்லை இருப்பதாகவும், பராமரிப்புக்கு ஆண்டுக்குக் குறைந்தது 10 கோடி டாலர் போவதாகவும் மதிப்பிட்டது. அங்கேயே அப்படியென்றால், அவசரமே விதியான இடங்களை நினைத்துப் பாருங்கள்.

தங்கள் இதழின் நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பாலங்களைப் பற்றிய கட்டுரைகளில் எப்போதும் கர்டர் படம், கிரேன் படம்தான். அணுகுசாலையின் படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. முன்பு இதைப் பற்றியே எழுதினேன். வாழ்த்திய வரிகளை வெளியிட்டு, மண் நிரப்புவது பற்றிய பகுதியை எடுத்துவிட்டீர்கள். இடமின்மை என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

இப்போது கேட்பது சிறியதுதான். அடுத்த இதழில் அரைப் பக்கம் ஒதுக்கி, பலகைக்குக் கீழே உள்ளதை ஒரு குறுக்குவெட்டுப் படமாகப் போடுங்கள். அதில் மண் அடுக்குகள், வடிகுழாய், கிரவுட் துளை, அபட்மென்ட்டில் பலகை உட்காரும் இடம் எல்லாம் தெரியட்டும். அந்தக் கடைசி வரிக்கு ஒரு திருத்தமும் வேண்டும். இந்தக் கடிதத்தைக் குறைக்க நேர்ந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். கம்பி விட்டுப் பார்த்த பத்தியை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தள மேற்பார்வையாளர் ஒருவர்