செயலாளரின் ஆண்டறிக்கை: சிட்னி தமிழ் நாடக மன்றம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, குழந்தைகள் நாடகம் இரண்டும் வழக்கம்போல் நடந்தன. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழுக் கூட்டங்களில் இரண்டுக்கு ஆள் சேர அரைமணி நேரம் காத்திருந்தோம். அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது ஆகஸ்ட் மாதக் கூட்டத்தைப் பற்றி. நாம் குடியிருக்கும் இந்த ஊரின் பழைய மேடைகளைப் பற்றிப் பேசலாம் என்று தொடங்கியது, ஜோசப் ரைஷன்பர்க் என்ற பேண்டு மாஸ்டரிடம் போய் நின்றது. இத்தாலியர். பிரிட்டிஷ் படையின் 40ஆம் ரெஜிமென்டோடு 1824இல் சிட்னி வந்தவர். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படைகளின் பேண்டுச் செலவை அதிகாரிகளே தங்களுக்குள் வசூல் செய்து ஏற்றார்கள். வெளிநாட்டு வித்வான்களை அமர்த்துவது சகஜம். 1825இல் சிட்னி கெஜட் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது: ஆஸ்திரேலியாவுக்கென்றே ரைஷன்பர்க் அமைத்த குவாட்ரில் நடன இசை. நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் ஆட்டம் அது. அந்த இசையின் பகுதிகளுக்கு அவர் வைத்த இந்நாட்டு இடப்பெயர்களில் சில: சிட்னி, வூலமூலூ, இல்லவாரா, போங் போங். கடைசிப் பெயரைப் படித்ததும் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.

இங்கே என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அழைப்பிதழில் 'வூலமூலூ இசைக்கப்படும்' என்று அச்சிட்டுவிட்டேன். கீபோர்டு வாசிக்கும் தம்பி நொட்டேஷன் கேட்டபோதுதான் தேட ஆரம்பித்தேன். இசை கிடைக்கவில்லை, பெயர்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. அன்று தம்பி வேறு ஏதோ வாசித்துச் சமாளித்தார்.

அப்போது சிட்னியில் உரிமம் பெற்ற அரங்கு கிடையாது. பார்னெட் லெவி என்ற வணிகர் உரிமம் கேட்டுக்கேட்டுப் பார்த்தார். ஆளுநர் டார்லிங் மறுத்தார். அடுத்து வந்த பர்க் அனுமதித்த பிறகு, 1832 டிசம்பர் 26 அன்று ஜார்ஜ் தெரு ராயல் ஹோட்டல் கூடத்தில் நாடகம் ஏறியது. அந்தத் தொடக்க நாட்களில் மேடை இசைக்குப் படை வாத்தியக்காரர்களும் கைகொடுத்தார்கள். ஆனால் ரெஜிமென்ட் இடம் மாறினால் பேண்டும் கூடவே போய்விடும். ரைஷன்பர்க்கின் படையும் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் பக்கம் மாறி, 1829இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது. அவர் மட்டும் ஹோபார்ட்டிலேயே தங்கி, பாடம் சொல்லிக்கொடுத்து, 1851இல் அங்கேயே காலமானார்.

குழந்தைகள் நாடகத்துக்குப் பக்கத்துப் பள்ளி பேண்டிலிருந்து இரண்டு டிரம்பெட் பிள்ளைகளை நாம் இரவல் வாங்கியதை நினைத்துக்கொண்டேன். பரீட்சை வந்ததும் இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது மூத்த உறுப்பினர் அக்கா ஒருவர் கேட்டார்: "நம்ம நாடகப் பாட்டுக்கெல்லாம் நொட்டேஷன் இருக்கா?" இல்லை. ஆரம்பகாலப் பாட்டுகள் சில வீடுகளில் கேசட்டாகக் கிடக்கின்றன. மெட்டமைத்தவர் இப்போது நம்மிடையே இல்லை. அவற்றை எழுதிவைக்க மூன்று பேர் கொண்ட குழுவை அமைக்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. கேசட் வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரவும். ஓடுகிற டேப்ரெக்கார்டர் யாரிடமாவது இருந்தால் அதையும் சேர்த்து.