ஏழு புள்ளிக் கை: என் பார்ட்னராக இருந்த அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

இனி உங்களோடு ஜோடியாக பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடப் போவதில்லை என்று போனில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு "சரி" என்றீர்கள். ஒரே சொல். இந்த முறை சொல்ல ஒன்றுமில்லை என்கிற பாஸ் கார்டை எடுத்து மேசையில் வைப்பதுபோல வைத்துவிட்டீர்கள். அதற்கு மேல் பேச எனக்கு முறை வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தனியாக எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாம் பிரிந்ததைப் பற்றி ஏற்கெனவே பலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய அணி கிடைத்ததும் நான் கிளம்பிவிட்டேன் என்று ஒரு பேச்சு. உங்களுக்கு வயதாகிவிட்டது, சீட்டு நினைவில் நிற்பதில்லை, அதனால்தான் என்று இன்னொரு பேச்சு. இரண்டாவதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாலு கையிலும் விழுந்த ஒவ்வொரு சீட்டையும் ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒப்பிக்கிறவர் நீங்கள். உங்களைப் பற்றி அப்படிப் பேச யாருக்கும் தகுதி இல்லை. காரணம் வேறு. அதைப் பொதுவிலேயே சொல்லிவிடுவது உங்களுக்கு நான் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் கொட்டப் போவதில்லை. யாரோடு இனி ஆடப் போகிறேன் என்பதும் இங்கே வராது.

எந்தக் கையைப் பற்றி எழுதப் போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் படிப்பதற்காகச் சீட்டுகளை எழுதுகிறேன். நீங்கள் தாண்டிப் போங்கள்.

உங்கள் கை, தெற்கு: ஸ்பேட் ஏஸ், கிங், 4. ஹார்ட் ஏஸ், ஜாக், 3. டைமண்ட் ஏஸ், 8, 6, 2. கிளப் 8, 7, 4.

என் கை, வடக்கு: ஸ்பேட் 6, 3. ஹார்ட் 7, 5. டைமண்ட் 9, 7, 3. கிளப் ஏஸ், குயின், ஜாக், 10, 9, 5.

டீம் மேட்ச்: இதே சீட்டுகளை இன்னொரு டேபிளில் எதிரணியின் ஜோடியும் ஆடும், வித்தியாசம்தான் கணக்கு. நாம் வல்னரபிள், அதாவது போனஸும் அபராதமும் கூடுதலான நிலை. நீங்கள் ஒரு நோ ட்ரம்ப் என்று தொடங்கினீர்கள்: துருப்பு இல்லாமல் ஏழு ட்ரிக் (நாலு பேரும் ஒவ்வொரு சீட்டு போடும் ஒரு சுற்று ஒரு ட்ரிக்), கையில் 15 முதல் 17 புள்ளி. நான் நேராக மூன்று நோ ட்ரம்ப் வைத்தேன், அதாவது ஒன்பது ட்ரிக், போனஸ் தரும் கேம்.

என்னிடம் இருந்தது 7 புள்ளி. உங்களிடம் அதிகபட்சமே இருந்தாலும் சேர்த்து 24. கேமுக்கு 25 வேண்டும் என்று எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. ஆனால் ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 என்கிற அந்தக் கணக்கு, சீட்டுகள் சமமாகப் பரவிய இரண்டு கைகள் சந்திக்கும்போதுதான் ஒழுங்காக உண்மை சொல்லும். கிளப்பில் என்னிடம் இருந்த 10-க்கும் 9-க்கும் அது ஒரு புள்ளியும் தராது. ஆறு சீட்டு நீளத்தையும் பார்க்காது. உங்களிடம் கிளப் கிங் இருந்தால் அங்கேயே ஆறு ட்ரிக். இல்லாமல் போனாலும் பெரும்பாலும் ஐந்து. மீதி நான்கைத்தான் உங்கள் கை தர வேண்டும். ஒரு நோ ட்ரம்ப் கைக்கு அது பெரிய சுமையா, அக்கா?

இன்னொன்று. பழைய ஆக்‌ஷன் பிரிட்ஜில் குறைவாகச் சொல்லிவிட்டு அதிகமாக எடுத்தாலும் அந்த ட்ரிக்குகள் கேம் கணக்கில் ஏறும். நாம் ஆடுவது 1925-இல் ஹெரால்ட் வாண்டர்பில்ட் கப்பலில் போகும்போது வகுத்துக்கொண்ட ஸ்கோர் முறையின் வழியில் வந்த ஆட்டம். சொன்னால்தான் போனஸ். ஒரு நோ ட்ரம்ப்பில் நின்று ஒன்பது ட்ரிக் எடுத்தால் 150. அதே ஒன்பதை மூன்று என்று சொல்லி எடுத்தால், வல்னரபிளில் 600. எதிர் டேபிள் சொல்லாமல் நிற்க, நாம் சொல்லி எடுத்தால் 10 இம்ப் (டீம் மேட்ச்சின் ஸ்கோர் அலகு) லாபம். சொல்லி ஒன்று குறைந்தால் நமக்கு மைனஸ் 100, வித்தியாசம் 250, 6 இம்ப் நஷ்டம். 10-க்கு 6. நூற்றுக்கு முப்பத்தெட்டு தடவை ஜெயித்தாலே அந்த கேமைச் சொல்வது சரி. இந்தக் கணக்கை எனக்கு ஒரு பழைய ஸ்கோர் ஷீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டியதே நீங்கள்தான்.

எதிரணியின் மேற்கு ஹார்ட் 6-ஐ முதல் சீட்டாக லீட் செய்தது. ஆடுவது நீங்கள், நான் டம்மி: என் சீட்டுகளைத் திறந்து மேசையில் இறக்கினேன். டைமண்ட் வரிசையை இன்னும் அடுக்கி முடிக்கவில்லை. "சின்னது" என்றீர்கள். ஹார்ட் 5-ஐ நகர்த்தினேன். கிழக்கிடமிருந்து குயின். அதன் மேல் உங்கள் ஏஸ்.

அவ்வளவு வேகமாக நீங்கள் ஒரு சீட்டைப் போட்டு நான் பார்த்ததே இல்லை.

கையில் ஜாக் மிச்சம் இருக்கிறது, ஹார்ட்டை இன்னொரு முறை அது தடுக்கும் என்று தோன்றியிருக்கும். மேற்கு ஆடினால் தடுக்கும், கிங் அங்கே இருக்கும்வரை. கிளப் ஃபினெஸ், அதாவது கிங் சாதகமான இடத்தில் இருக்கும் என்று நம்பிச் சின்னச் சீட்டால் ஜெயிக்கப் பார்ப்பது, மேற்கு கையில் தோற்கக்கூடியதாக இருந்திருந்தால் நீங்கள் ஆடியதுதான் சரியான ஆட்டம், குயினை ஏஸால் உடனே அடிப்பதே பாதுகாப்பு. ஆனால் கிளப்பை உங்கள் கையிலிருந்து டம்மியை நோக்கித்தான் ஆட வேண்டும். கிங் தப்பான இடத்தில் இருந்தால் உள்ளே வருவது கிழக்கு. கிழக்கு வந்து ஹார்ட் ஆடினால் உங்கள் ஜாக்கும் 3-ம் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

அப்படியே நடந்தது. கிளப் 8-ஐ ஓடவிட்டீர்கள், கிழக்கு கிங்கில் எடுத்தது. ஹார்ட் 9 திரும்பி வந்தது. ஜாக் வைத்தீர்கள், மேற்கு கிங், அப்புறம் 10, 8, 4. நாலு ஹார்ட், ஒரு கிளப். ஒன்று குறைவு.

குயினை ஜெயிக்க விட்டிருந்தால்? கிழக்கு 9-ஐத் திருப்பும். ஜாக், கிங். மூன்றாவது ஹார்ட்டை ஏஸில் எடுக்கிறீர்கள். இப்போது கிழக்கிடம் ஹார்ட்டே இல்லை. கிளப் கிங்கை அவர் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளட்டும், திருப்ப என்ன இருக்கிறது? ஸ்பேட் இரண்டு, ஹார்ட் ஒன்று, டைமண்ட் ஒன்று, கிளப் ஐந்து. ஒன்பது. ஹார்ட் 4-4 ஆகப் பிரிந்திருந்தாலும் மூன்று ஹார்ட்டும் கிளப் கிங்கும்தான் போகும். ஏழு விதி என்று சொல்வார்களே, எதிரியின் சூட்டில் நம் இரண்டு கையிலும் சேர்த்து எத்தனை சீட்டோ அதை ஏழிலிருந்து கழி, அத்தனை தடவை விட்டுக்கொடு என்று. ஏழில் ஐந்து போனால் இரண்டு. இரண்டு தடவை விட்டு, மூன்றாவதை எடுப்பது. அதையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

உங்கள் ஏஸ் விழுந்த உடனே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. டம்மி பேசக்கூடாது. பிரிட்ஜ் சட்டம் 43. பேசக்கூடாது, முகத்தில் காட்டக்கூடாது, நீங்கள் சொன்ன சீட்டை நகர்த்தலாம். நகர்த்தினேன். கிளப் 5-ஐ நகர்த்தியபோது என் விரல் நடுங்கியதை நீங்கள் பார்க்கவில்லை. மேற்கு பார்த்தார்.

ஆட்டம் முடிந்ததும் சொன்னீர்கள்: "ஏழு புள்ளியை வச்சுக்கிட்டு கேம் சொன்னா இப்படித்தான் ஆகும்."

எதிரணி இரண்டு பேரும் இருந்தார்கள். பக்கத்து டேபிளுக்கும் கேட்டது.

நான் பதில் சொல்லவில்லை. மேசையில் பார்ட்னரைத் திருத்தக்கூடாது என்பதும் உங்கள் பாடம்தான். எதிர் டேபிள் ஒரு நோ ட்ரம்ப்பில் நின்று 150 எழுதியிருந்தது. 10 வர வேண்டிய இடத்தில் 6 போனது, 16 இம்ப் திரும்பியது. மேட்ச்சை அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றோம். அணியில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

உங்களைக் குறைத்துக் காட்ட இதை எழுதவில்லை. பன்னிரண்டு ட்ரிக் எடுப்பேன் என்று நீங்கள் சொன்ன அந்த ஹார்ட் ஸ்லாமை நான் மறக்க மாட்டேன். டம்மியில் ஸ்பேட் ஏஸ்-குயின், எல்லோரும் ஃபினெஸ் எடுத்து ஐம்பது சதவீதத்தில் தொங்கும் இடம். நீங்கள் எடுக்கவில்லை. துருப்பை வாங்கி, பக்கச் சூட்டுகள் இரண்டையும் ஒழித்து, எதிரியையே உள்ளே விட்டு, அவரே ஸ்பேடை ஆடித் தரும்படி செய்தீர்கள். நான் அப்போது கற்றுக்குட்டி, என்ன நடந்தது என்றே புரியவில்லை. இரவு முழுக்கச் சீட்டுகளைப் பரப்பி விளக்கினீர்கள். ஆறு சீட்டு வெளியே இருந்தால் 3-3 ஆகப் பிரிவது 36 சதவீதம்தான், 4-2 தான் 48, ஆசைப்படுவதற்கு முன் எண்ணு என்றீர்கள். "டம்மி இறங்கியதும் கையை மடியில் வை. எத்தனை ட்ரிக் இருக்கு, எங்கே ஆபத்து, யார் உள்ளே வரக்கூடாது. மூணும் தெரிஞ்ச பிறகு கையை எடு." இன்றும் நான் கையை மடியில்தான் வைக்கிறேன். என்னோடு ஆடுகிறவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். சொல்வதில்லை.

அன்று மடியில் ஏன் வைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். காலையில் உங்களுக்கு வந்த போன் பற்றி நான் எங்கும் பேசியதில்லை, இங்கேயும் பேச மாட்டேன். வேறு யாராக இருந்தாலும் அன்று ஆட வந்திருக்கவே மாட்டார்கள். அணி நாலு பேராகவே இருந்தது, நீங்கள் வராவிட்டால் மேட்ச் இல்லை என்று வந்தீர்கள். அந்த ஏஸை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். மன்னிக்க அதில் ஒன்றும் இல்லை, எல்லோர் கையிலிருந்தும் அப்படி ஒரு ஏஸ் ஒரு நாள் விழும்.

அந்த வாக்கியத்தைத்தான் என்னால் கடக்க முடியவில்லை.

அதற்கும் ஒரு வருத்தச் சொல் வந்திருந்தால் முடிந்திருக்கும். வரவில்லை. வந்தது வேறு. அதற்கப்புறம் ஒரு டீம் மேட்ச்சில் நீங்கள் ஒரு ஸ்பேட் சொன்னீர்கள், என்னிடம் மூன்று ஸ்பேட், நல்ல ஏஸ்கள் இரண்டு, ஒரே ஒரு கிளப். எந்த நாளிலும் கேமை நோக்கிப் போக வேண்டிய கை. நான் இரண்டு ஸ்பேடோடு நின்றேன். கையைப் பார்த்து நிற்கவில்லை. கீழே போனால் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நின்றேன். எதிர் டேபிள் நாலு ஸ்பேட் சொல்லி, துருப்பு 4-1 ஆகப் பிரிந்து, தோற்றது. ஐந்து சீட்டு வெளியே இருக்கும்போது 3-2 வருவது 68 சதவீதம், 4-1 வருவது 28. அவர்கள் சொன்னது சரியான பிட் (ஏலச் சொல்), அன்று சீட்டு அவர்களுக்கு எதிராக விழுந்தது. நீங்கள் என் தோளைத் தட்டி, "பார்த்தியா, இதுதான் நிதானம்" என்றீர்கள்.

அக்கா, எல்லோர் முன்னாலும் திட்டியதைவிட அந்தத் தட்டு எனக்கு வலித்தது. விளைவை வைத்து பிட்டை எடை போடாதே என்று எனக்குச் சொன்ன அதே கை. நான் பயத்தில் வைத்த இரண்டு ஸ்பேடை நிதானம் என்று பெயர் சொல்லிப் பாராட்டியது. அப்போதே முடிவு செய்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. சொல்ல இவ்வளவு நாள் ஆனது, உங்களோடு ஆடாத ஆட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குக் கற்பனைகூட இல்லாததால்.

பாதியிலேயே விட்டுப் போகிறேன் என்பதற்கு மன்னிப்பு கேட்கிறேன். முழு மனதோடு கேட்கிறேன். உங்களுக்கு இன்னொரு பார்ட்னரைப் பழக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று தெரியும், என்னிடம் செலவழித்த பொறுமையை நான் பார்த்தவன். ஆனால் தங்கியிருந்தால் நீங்கள் சொன்னதைச் செய்கிற, கையை நம்பாத ஒருவன்தான் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பான். அப்படி ஒருவனை உருவாக்கவா அத்தனை இரவு விழித்தீர்கள்? நீங்களே சொல்லியிருப்பீர்கள், போ என்று. சொல்லவில்லை. "சரி" என்றீர்கள்.

அந்த மூன்று நோ ட்ரம்ப்புக்கு மட்டும் மன்னிப்பு கேட்க மாட்டேன். அதே கை நாளைக்கு வந்தாலும் அதையே வைப்பேன்.

சில நடைமுறை விஷயங்கள். நாம் சேர்ந்து எழுதிய சிஸ்டம் நோட்ஸ் என்னிடம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் உங்கள் யோசனை. நான் புதிதாக ஆடப் போகிறவரிடம் அதைக் காட்டவில்லை, உங்கள் அனுமதி இல்லாமல் காட்டவும் மாட்டேன். அட்டவணைப்படி இரண்டாவது சுற்றில் உங்கள் அணியும் என் அணியும் மோதுகின்றன. டேபிளில் வணக்கம் சொல்வேன், நீங்கள் திருப்பிச் சொல்லாவிட்டாலும். உங்கள் தயக்கம் எதைச் சொல்கிறது, வேகம் எதைச் சொல்கிறது என்று எனக்குத் தெரிந்ததை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்துவேனா என்று யாரோ கேட்டார்களாம். எதிரணியின் தயக்கத்தைப் படிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. இருந்தாலும் உங்களிடம் செய்ய மாட்டேன். பார்ட்னராக உட்கார்ந்து தெரிந்துகொண்டது அது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எதிர் டேபிளில் அந்த ஏழு புள்ளிக் கையை வைத்திருந்தவர் நீங்களாக இருந்து, நான் ஒரு நோ ட்ரம்ப் சொல்லியிருந்தால், என்ன வைத்திருப்பீர்கள்? பதிலை இங்கே எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டாம். என் நம்பர் மாறவில்லை.

அன்புடன்,
உங்கள் வடக்கு